சாதாரண சளி: வீட்டில் கவனித்துக்கொள்வதும் மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரமும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி முதல் பனி விலகும் தை மாதம் வரை, கச்சிராயபாளையம் சுற்றுவட்டாரத்திலும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் சளி, தும்மல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு ஆகியவை வீடுதோறும் காணப்படும். இவற்றுள் பெரும்பாலானவை மருத்துவர் தலையிடாமலேயே குணமாகக்கூடியவை. ஒரு நாள் கூலியை விட்டு, மலையிலிருந்து பேருந்து பிடித்துக் கீழே வந்து, வரிசையில் காத்திருந்து, "ஓய்வெடுங்கள், வெதுவெதுப்பான நீர் அருந்துங்கள்" என்ற சொற்களுடன் திரும்ப நேர்ந்தால் ஏமாற்றம் ஏற்படுவது இயல்பே. எனினும், சளிக்கு அதுவே சரியான மருத்துவம். வீட்டில் கவனித்துக்கொள்வது வசதியற்றவர்களுக்கான மாற்று ஏற்பாடு அன்று.

அதே வேளையில், வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவு செய்பவர் எதுவரை இருக்கலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் அவ்விரண்டையும் விளக்குகிறது.

சளி எதனால் வருகிறது?

சாதாரண சளியை 200க்கும் மேற்பட்ட வைரஸ்கள் உண்டாக்குகின்றன. அவற்றுள் ரைனோவைரஸ் வகையே மிகுதி. மழையில் நனைவதாலோ, தலைக்குக் குளிப்பதாலோ, தயிர், வாழைப்பழம் உண்பதாலோ மட்டும் சளி உண்டாவதில்லை. நோயுற்ற ஒருவரின் தும்மல், இருமல் திவலைகள் வழியாகவும், அவர் தொட்ட பொருளைத் தொட்ட கையை மூக்கிலோ கண்ணிலோ வைப்பதாலும் வைரஸ் உடலுக்குள் செல்கிறது. மழைக்காலத்தில் கதவடைத்த வீட்டுக்குள் அனைவரும் நெருங்கி இருப்பதும் பரவலுக்குத் துணைபுரிகிறது.

பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறையும், சிறு குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு முறையும் சளி வரக்கூடும். அங்கன்வாடிக்குச் செல்லத் தொடங்கிய குழந்தைக்கு மாதந்தோறும் சளி பிடிக்கிறது என்று பெற்றோர் கவலை கொள்வது வழக்கம். குழந்தை நன்றாக விளையாடி, உண்டு, எடை கூடி வருமானால், அது பெரும்பாலும் உடல் புதிய கிருமிகளைப் பழகிக்கொள்ளும் காலமே.

இரண்டாம், மூன்றாம் நாளில் தொல்லை உச்சத்தை அடையும். பிறகு படிப்படியாகக் குறைந்து 7 முதல் 10 நாட்களில் தணியும். இருமல் மட்டும் மேலும் ஓரிரு வாரம் நீடிக்கலாம். தண்ணீர் போல ஒழுகிய சளி இடையில் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, உடலின் வெள்ளணுக்கள் அங்கு வேலை செய்வதன் அடையாளம். நிறம் மாறியதை மட்டும் கொண்டு வேறு மருந்து தேவை என முடிவு செய்யக் கூடாது.

ஊசி, ஆன்டிபயாடிக், செட் மாத்திரை

ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பவை, வைரஸைத் தொடுவதில்லை. சளிக்காக அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ உட்கொள்பவருக்கு நோய் ஒரு நாள் கூட முன்னதாகக் குணமாவதில்லை. வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை போன்ற தொல்லைகள் மட்டும் ஏற்படலாம். தேவையின்றி உண்ட மருந்தை எதிர்த்து வாழக் கிருமிகள் கற்றுக்கொள்கின்றன. பின்னொரு நாள் உண்மையாகவே நிமோனியா வந்தால் அந்த மருந்து கைகொடுக்காமல் போகலாம். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், அதை மருத்துவரின் சீட்டின்றி வாங்கக் கூடாது என்பது பொருள்.

நம் பகுதியில் பலர், "ஒரு ஊசி போட்டுவிட்டால் வேலைக்குப் போய்விடலாம்" என்று கேட்கின்றனர். சளியைக் குணப்படுத்தும் ஊசி எதுவும் இல்லை. வலி நிவாரண ஊசியோ ஸ்டீராய்டு ஊசியோ சில மணி நேரத்துக்கு உடல் வலியை மறைக்கும். காய்ச்சல் கூடுகிறதா குறைகிறதா என்பதையும் சேர்த்தே மறைத்துவிடும்.

செட் மாத்திரை குறித்துச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியுள்ளது. அட்டையிலிருந்து பிரித்து, காகிதத்தில் மடித்துத் தரப்படும் நான்கைந்து மாத்திரைகளில் எவை உள்ளன என்பது உண்பவருக்குத் தெரியாது. பாராசிட்டமாலுடன் உறக்கம் தரும் மாத்திரையும், ஆன்டிபயாடிக்கும், ஸ்டீராய்டும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் அதில் இருக்கக்கூடும். சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டால் சர்க்கரை அளவு திடீரென உயரும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு வலி மாத்திரை மேலும் கேடு செய்யும். டெங்கு உள்ளவருக்கு அதுவே இரத்தக்கசிவை உண்டாக்கலாம். பெயர் தெரியாத மாத்திரையை உண்டவருக்குப் பின்னர் மருத்துவமனையில் சிகிச்சை அளிப்பதும் கடினமாகிறது. அட்டையும் பெயரும் காலாவதி நாளும் இல்லாத மாத்திரையை எவரிடமிருந்தும் வாங்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு இருமல் சிரப் வேண்டாம்

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், சளிக்காகவும் இருமலுக்காகவும் சிரப் உட்கொண்ட குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்தது. 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். 'கோல்ட்ரிஃப்' என்ற அந்தச் சிரப் தயாரிக்கப்பட்டது நம் மாநிலத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில், டைஎதிலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் 48 விழுக்காட்டுக்கும் மேல் அதில் கலந்திருப்பது தெரியவந்தது. 2025 அக்டோபர் 1 முதல் அதன் விற்பனை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது.

அக்குழந்தைகளுள் பலருக்குத் தொடக்கத்தில் இருந்தது, தானே குணமாகியிருக்கக்கூடிய எளிய சளியும் காய்ச்சலுமே என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். நச்சு கலவாத நல்ல சிரப்பும் சிறு குழந்தையின் சளியைக் குணப்படுத்துவதில்லை. ஆகவேதான், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளைத் தரக் கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபர் 3 அன்று அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என அதன் மேலுறையில் அச்சிட வேண்டும் என்னும் உத்தரவு 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. சென்ற ஆண்டு அண்ணனுக்கு வாங்கி மீதமிருக்கும் சிரப்பைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நோயுற்றவர் ஓரிரு நாள் ஓய்வெடுக்க வேண்டும். தாகத்தைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாக நீர், கஞ்சி, ரசம், இளநீர் அருந்தலாம். இதய நோய், சிறுநீரக நோய் காரணமாக நீரின் அளவைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும். உணவில் பத்தியம் தேவையில்லை. முட்டை, பழம், மோர் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. பசி குறைந்த குழந்தைக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. தாய்க்கே சளி இருந்தாலும், கைகளைக் கழுவி, முகக்கவசம் அணிந்து பாலூட்டலாம்.

தொண்டை வலிக்கு ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம். கைக்குழந்தையின் மூக்கு அடைத்துக்கொண்டால் பால் குடிக்க இயலாமல் அழும். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பாலூட்டுவதற்குச் சற்று முன் ஒவ்வொரு நாசியிலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, மெல்லிய துணியைத் திரியாக்கித் துடைத்தெடுங்கள். மூக்கடைப்பைத் திறக்கும் ஜைலோமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்துகள் இதிலிருந்து வேறானவை. பெரியவர்களும் அவற்றை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் பயன்படுத்தினால், மருந்தே மூக்கடைப்புக்குக் காரணமாகிவிடும்.

இருமலுக்குத் தேன் நல்லது. கல்வராயன் மலைத் தேனுக்கு நம் பகுதியில் உள்ள நற்பெயரை நீங்கள் அறிவீர்கள். உறங்கச் செல்லும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் குழந்தைகளின் இரவு இருமல் தணிவதை ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. ஆனால், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேனைத் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளம் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கலாம். தேன் எவ்வளவு தூய்மையானதாயினும் இவ்விதி மாறாது.

சுக்கு, மிளகு, துளசி, கற்பூரவல்லி ஆகியவற்றைக் கொண்டு காய்ச்சும் கஷாயத்தைப் பெரியவர்கள் அருந்துவதில் தடையில்லை. சூடும் காரமும் தொண்டைக்கு இதமளிக்கும். சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டி, வெல்லம் சேர்க்காமல் அருந்துவது நன்று. வயிற்றுப்புண் உள்ளோர் காரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். சித்த மருந்து உட்கொள்ள விரும்புவோர், அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்த மருத்துவரைக் கேட்டு அளவறிந்து உட்கொள்ளலாம். அதற்காக இரத்த அழுத்த மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள்.

ஆவி பிடிப்பதால் நோய்க்காலம் குறைவதில்லை; சிறிது நேரம் மூக்கு திறந்தாற்போல் இருக்கும், அவ்வளவே. பெரியவர்கள் விரும்பினால், பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் உறுதியாக வைத்து ஆவி பிடிக்கலாம். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கொதிநீர் சரிந்து தொடை, வயிறு வெந்த நிலையில் வரும் குழந்தையின் துன்பம் சளியின் துன்பத்தைப் போலப் பன்மடங்கு.

சில வழக்கங்களை முற்றிலும் கைவிட வேண்டும். குழந்தையின் மூக்கிலோ தொண்டையிலோ எண்ணெய் விட்டால், அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கிலும் தடவினால் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். மூக்கில் வாய் வைத்து ஊதுவதும், தாய்ப்பாலை மூக்கில் பீச்சுவதும் பயனற்றவை. குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும், விறகடுப்பு எரியும் அறையில் குழந்தையைக் கிடத்துவதும் ஏற்கெனவே வீங்கியுள்ள மூச்சுக்குழாயை மேலும் உறுத்துகின்றன. விறகுப் புகை நிமோனியாவின் வாய்ப்பையும் கூட்டுகிறது. சமைக்கும் நேரத்தில் மட்டுமாவது குழந்தையை வேறிடத்தில் வைத்திருக்க ஒருவரை அமர்த்துங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்

காய்ச்சலாலோ உடல் வலியாலோ தொல்லை மிகுந்தால் பாராசிட்டமால் ஒன்றே போதுமானது. பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஆறு மணி நேர இடைவெளியில் உட்கொள்ளலாம். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். கல்லீரல் நோய் உள்ளோரும் மது அருந்தும் பழக்கமுடையோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உட்கொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு வயதைக் கொண்டன்றி எடையைக் கொண்டே அளவு தீர்மானிக்கப்படுகிறது: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம். இங்கு ஒரு சிக்கல் உண்டு. பாராசிட்டமால் சிரப் ஒரே செறிவில் வருவதில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியானால் அக்குழந்தைக்கு ஏறத்தாழ 6 மில்லி; 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள புட்டியானால் 3 மில்லி மட்டுமே. புட்டியில் அச்சிட்டுள்ளதைப் படித்துப் பார்த்து, உடன் வரும் அளவு மூடியாலோ ஊசியில்லாச் சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அளவு. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் பார்க்காமல் பாராசிட்டமாலும் தர வேண்டாம்.

மூக்கொழுகலும் தும்மலும் வேலை செய்ய விடாதபோது, பெரியவர்கள் இரவில் ஒரு செட்ரிசின் மாத்திரை உட்கொள்ளலாம். அது உறக்கம் வரவழைக்கும். உட்கொண்டபின் இருசக்கர வாகனம் ஓட்டுவதும், கரும்பு வெட்டுவதும், இயந்திரத்தருகே நிற்பதும் ஆபத்து.

மூச்சை எண்ணிப் பாருங்கள்

சளி நிமோனியாவாக மாறுகிறதா என்பதை அறிய வீட்டில் ஒரு வழி உண்டு. அதற்குக் கைக்கடிகாரமோ கைப்பேசியோ போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது அல்லது உறங்கும்போது, சட்டையை உயர்த்தி, வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம். குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. காய்ச்சல் மிகுந்திருக்கும்போது எண்ணினால், தணிந்தபின் மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள். இரண்டாம் முறையும் வேகமாகவே இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுதல், முனகல், உதடு நீலமாதல், பால் குடிக்க இயலாமை, குடித்த அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இருப்பதே மருத்துவமனைக்குச் செல்லப் போதுமான காரணம்.

பெரியவர்களுக்குப் பேசும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, சளியில் இரத்தம், மனக்குழப்பம், மூன்று நாட்களைக் கடந்தும் குறையாத காய்ச்சல், குறைந்து மீண்டும் கூடும் காய்ச்சல் ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். கர்ப்பிணிகள், முதியோர், ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உடையோர் காய்ச்சலுடன் சளி வந்த முதல் இரண்டு நாட்களிலேயே மருத்துவரைக் காண வேண்டும். இன்ஃப்ளூயன்சாவாக இருப்பின் ஓசெல்டாமிவிர் மருந்து தொடக்கத்தில் தரும்போதுதான் நன்கு பயனளிக்கிறது.

சளி என்று எண்ணி ஏமாற வேண்டாம்

மூக்கொழுகலோ தும்மலோ இல்லாமல், கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் மூட்டு வலியும் இருந்தால் அதைச் சளிக்காய்ச்சல் எனக் கொள்ள வேண்டாம். டெங்கு பரவுவதும் இதே மழைக்காலத்தில்தான். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளே கவனம் தேவைப்படும் நாள். அப்போது வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், கை கால் சில்லிடுதல் காணப்பட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

புதர்க்காடு, கரும்புத் தோட்டம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் வேலை செய்வோருக்கு உண்ணிக்காய்ச்சல் வரலாம். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோல வலியற்ற கருத்த புண் உள்ளதா எனப் பாருங்கள். உரிய மருந்து தொடங்கினால் ஓரிரு நாட்களில் தணியும் இந்நோய், பல நாட்கள் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே கேடாகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு, காசநோய் உள்ளதா என அறியச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அப்பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மலைக் கிராமங்களில் வாழ்வோருக்கு

மேலே கூறிய எல்லைகள் மருத்துவமனை அருகில் இருப்போருக்கு உரியவை. வெள்ளிமலை, கரியாலூர் சாலையிலிருந்து விலகி, நடந்தே சேர வேண்டிய ஊர்களில் வாழ்வோர் அவ்வெல்லையைச் சற்று முன்னதாகவே வகுத்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் "காலை வரை பார்ப்போம்" என்று காத்திருப்பவருக்கு, நிலை மோசமானால் சிறிது நேரத்தில் ஆக்சிஜன் கிடைக்கும். மலையில் இரவு மழையில் அது கிட்டாது. ஆகவே, குழந்தையின் மூச்சைப் பிற்பகல் 3 மணியளவில் ஒருமுறை எண்ணிவிடுங்கள். எல்லையை நெருங்கியிருந்தாலும், முந்தைய நாளைவிடப் பால் குடிப்பது பாதியாகக் குறைந்திருந்தாலும், கடைசிப் பேருந்து செல்லும் முன் புறப்படுவதே சரி. வந்தபின் ஒன்றுமில்லை என்று மருத்துவர் கூறினால் பயணம் வீணாயிற்று எனக் கருத வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்கவும்தான் மருத்துவமனை இருக்கிறது.

புறப்பட வேண்டுமா என்பதில் ஐயம் இருந்தால், உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரையோ ஆஷா பணியாளரையோ கேளுங்கள். 104 என்னும் மருத்துவ உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடம் ஊரில் எது என்பதை நோய் வரும் முன்பே வீட்டில் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. 108ஐ அழைக்கும்போது ஊரின் பெயருடன், வாகனம் வந்து நிற்கக்கூடிய சாலை முனையையும் கூறுங்கள்.

வரும்போது, அதுவரை கொடுத்த மருந்துகளின் புட்டி, அட்டை, காகிதப் பொட்டலம் எதுவாயினும் அப்படியே எடுத்து வாருங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசியாகப் பாராசிட்டமால் கொடுத்த நேரம், எண்ணிய மூச்சின் எண்ணிக்கை, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையாயின் தடுப்பூசி அட்டையும் தேவை. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய பருவங்களில் போடப்பட்டுள்ளதா என மருத்துவர் அதில் பார்ப்பார்.